சத்தத்தைக் கூட்டியவன்

1933-இல் வந்த ‘லீபெலாய்’ என்ற ஜெர்மன் படத்தில் எல்லோரும் சிலாகிக்கும் இடம், ஒன்றுமே கேட்காத சில விநாடிகள்தான். குளிர்காலத்து விடியற்காலை. துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கும் இருவரும் நம் கண்ணில் படுவதில்லை. ஒரு குண்டு வெடிக்கும் சத்தம் மட்டும் வருகிறது. மானத்துக்காக நடக்கும் மோதல் அது; முதலில் சுடும் உரிமை ஒரு பிரபுவுக்கு. அவருடைய மனைவியோடு பழகிய இளம் லெஃப்டினென்ட் ஃபிரிட்ஸ் அதற்குப் பிறகுதான் சுட வேண்டும். அவன் உயிரோடு இருந்தால் இன்னொரு சத்தம் கேட்கும். நண்பர்கள் காத்திருக்கிறார்கள். பார்ப்பவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார் என்று நம்பித்தான் இயக்குநர் மாக்ஸ் ஓஃபுல்ஸ் அந்த அமைதியை அங்கே வைத்தார்.

நான் லேப்டாப்பின் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்தேன்.

சத்தத்தைக் கடைசிவரை கூட்டினேன். அப்படியும் ஒன்றும் கேட்கவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினேன். கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். இப்போது முதல் குண்டு முழுச் சத்தத்தில் வெடித்தது; பக்கத்து வீட்டு நாய் அலறிக்கொண்டு குரைத்தது. உலக சினிமா வரலாற்றில் அந்த மௌனத்துக்கு நாய் பதில் சொல்லிக் கேட்ட பார்வையாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது என்று உறுதியானபோது திரையில் ஃபிரிட்ஸ் செத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

இந்தப் படத்தின் விஷயத்தில் நான் அடித்த கூத்துகளில் இது நடுத்தரம்தான். மேலும் இருக்கின்றன, கீழும் இருக்கின்றன.

முதலில் ஆள் அடையாளம். படம் வியன்னாவின் ஆபெரா அரங்கில் தொடங்குகிறது. மேடையில் மொட்சார்ட். பேரரசர் வருகிறார் என்றதும் அரங்கமே எழுந்து திரும்புகிறது. மேல்மாடத்தில் மலிவு டிக்கெட்டில் நிற்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி, மிட்ஸி, ஆர்வத்தில் தன் தொலைநோக்கியைக் கீழே தவறவிடுகிறாள். அது கீழே இருக்கும் ராணுவ அதிகாரிகள் பக்கம் வந்து விழ, அதிலிருந்து நட்பு, நட்பிலிருந்து காதல். ஃபிரிட்ஸ், தேயோ என்று இரண்டு லெஃப்டினென்ட்கள். இருவருக்கும் ஒரே சீருடை, ஒரே விறைப்பு. வெகுநேரம் வரை நான் தேயோவை ஃபிரிட்ஸ் என்றும் ஃபிரிட்ஸைத் தேயோ என்றும் எண்ணிக்கொண்டு, பிரபுவின் மனைவியோடு உறவு வைத்திருப்பவன் தவறான ஆள் என்று உள்ளூர வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆபெரா பார்த்துக்கொண்டிருந்த பிரபு சந்தேகம் வந்து பாதியிலேயே வீட்டுக்குக் கிளம்புகிறார். அங்கே இருந்த ஃபிரிட்ஸ் மயிரிழையில் தப்புகிறான். தப்பியவன் எவன் என்பதே எனக்குக் குழப்பம். யார் தப்பினாலும் சந்தோஷம்தான் என்று விட்டுவிட்டேன்.

ஆள் தெரிந்த பிறகு வேறொரு தப்பு. எனக்குத் தேயோ-மிட்ஸி ஜோடி மிகவும் பிடித்துப்போனது. சிரிக்கிறார்கள், குடிக்கிறார்கள், ஒருவரையொருவர் கேலி செய்கிறார்கள், நிரந்தரம் பற்றி இருவருக்கும் கவலை இல்லை. மிட்ஸியாக வரும் லூயிஸ் உல்ரிஷ் திரையில் இருக்கும் வரை நான் வேறு யாரையும் பார்க்கவில்லை. இன்னொரு பெண் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். ஆபெரா வாத்தியக்குழுவில் வாசிக்கும் வயதானவரின் மகள், பாடகி ஆக ஆசைப்படுபவள், பெயர் கிறிஸ்டீன். அவள்தான் கதாநாயகி என்பது எனக்குக் காலம் தாழ்த்தி உறைத்தது. அமைதியான பெண்களைக் கதாநாயகியாக வைத்தால் என்னைப் போன்றவர்களுக்காக ஓர் அறிவிப்புப் பலகையாவது வைத்திருக்கலாம்.

ஃபிரிட்ஸும் அவளும் ஆளில்லாத காபிக் கடையில், காசு போட்டால் தானே பாடும் இயந்திரத்தின் இசைக்கு வால்ட்ஸ் ஆடுகிறார்கள். அதே ஃபிரிட்ஸ் இன்னொரு இடத்தில், பிரபுக்கள் கூடும் பளபளப்பான அறையில், பிரபுவின் மனைவியோடு ஆடுகிறான். இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவன் யாரிடம் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துவிடும். எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் சரவிளக்கு நன்றாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தகுதிகளோடு ஒரு திரைப்படச் சங்கத்தில் இந்தப் படத்தை அறிமுகப்படுத்திப் பேச ஒப்புக்கொண்டேன். கேட்டவர்கள் மேல் பிழை இல்லை. ‘உலக சினிமா பார்ப்பவர்’ என்று என்னைப் பற்றி ஒரு வதந்தி உண்டு. அதைப் பரப்பியதும் நான்தான்.

மேடையில் நின்று, நடிகை ரோமி ஷ்னைடரின் கண்கள் பற்றி உருக்கமாகப் பேசினேன். அந்த வெகுளித்தனம், அந்த நம்பிக்கை, பின்னாளில் நடிகர் அலென் தெலோனோடு அவருக்கு ஏற்பட்ட காதல், எல்லாவற்றையும் கிறிஸ்டீன் பாத்திரத்தோடு முடிச்சுப் போட்டேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் எழுந்தார்.

“தம்பி, நீங்க சொல்றது மகள். இது அம்மா.”

ரோமி நடித்தது 1958-இல் வந்த ‘கிறிஸ்டீன்’ என்ற பிரெஞ்சுப் படம். கதை அதே கதை, நாயகி பெயர் அதே பெயர், தெலோன் நடித்ததும் அதில்தான். 1933-இல் கிறிஸ்டீனாக நடித்தவர் ரோமியின் தாயார் மக்டா ஷ்னைடர். அப்போது ரோமி பிறக்கவே இல்லை. கால் நூற்றாண்டு கழித்துத் தாயின் வேஷத்தை மகள் ஏற்றார். தெரிந்து சொல்லியிருந்தால் கைதட்டு விழுந்திருக்கக்கூடிய செய்தி. நானோ பிறக்காத குழந்தையின் கண்களைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். “குடும்ப ஒற்றுமையைத்தான் சொல்ல வந்தேன் சார்” என்று சமாளித்தேன். பெரியவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் மன்னிப்பு இருந்ததா, மருத்துவரின் கவலை இருந்ததா என்று சொல்ல முடியவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விழுந்த மானத்தை எடுக்கும் அவசரத்தில் மூல நாடகத்துக்குத் தாவினேன். நாடகத்தை எழுதியவர் ஆர்தர் ஷ்னிட்ஸ்லர், வியன்னாவின் மருத்துவர். 1895 அக்டோபரில் அந்நகரின் புகழ்பெற்ற புர்க் அரங்கில் அரங்கேறியது. இதுவரை சரி. படத்தில் காதலர்கள் வெள்ளை வெளேரென்ற காட்டு வழியே சறுக்குவண்டியில் போவார்கள். என்றென்றும் காதலிப்பதாகச் சத்தியம் செய்துகொள்வார்கள். அதைச் சொல்லி, “அந்தப் பனியை மேடையில் கொண்டுவந்த ஷ்னிட்ஸ்லரின் துணிச்சலை என்னவென்பது!” என்றேன்.

பிறகு வீட்டுக்கு வந்து நாடகத்தைப் படித்தேன். ஆமாம், பிறகுதான். அதற்கு முன் முதல் அங்கத்தில் பாதி படித்திருந்தேன். ஒரு நாடகத்தைப் பற்றிப் பேச அது போதும் என்பது என் நெடுநாள் கொள்கை. நாடகத்தில் சறுக்குவண்டி இல்லை, பனிக்காடு இல்லை, ஆபெரா அரங்கமும் பேரரசரும் இல்லை. மொத்தமே இரண்டு அறைகள். முதல் அங்கம் ஃபிரிட்ஸின் வீட்டில், மற்ற இரண்டும் கிறிஸ்டீனின் எளிய வீட்டில். நாலு இளசுகள் உட்கார்ந்து சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மணி அடிக்கிறது, அந்தக் கணவர் உள்ளே வருகிறார், அவ்வளவுதான். பனியையும் வண்டியையும் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு கழித்து ஓஃபுல்ஸும் ஒளிப்பதிவாளர் ஃப்ரான்ஸ் பிளானரும் சேர்த்தார்கள். ஒருவருடைய சொத்தை இன்னொருவர் பேரில் மேடையில் வைத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

மானம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அன்றைய ஆஸ்திரியாவில் இப்படித் துப்பாக்கியோடு மோதிக்கொள்வது சட்டப்படி குற்றம். ஆனால் அழைப்பு வந்து மறுத்தால் ராணுவ அதிகாரியின் பதவி போய்விடும். சட்டத்தை மீறினால்தான் சீருடை நிலைக்கும் என்ற விசித்திரம். ஷ்னிட்ஸ்லருக்கு இது ஏட்டறிவு இல்லை. அவரே ரிசர்வ் படையில் மருத்துவ அதிகாரி. அகம்பாவம் பிடித்த ஒரு லெஃப்டினென்டின் மனவோட்டத்தை ஒரு கதையாக எழுதி வெளியிட்டார். 1901-இல் அவருடைய ராணுவப் பதவியைப் பறித்தார்கள். ராணுவத்தை இழிவுபடுத்தினார் என்பது ஒரு காரணம். பத்திரிகை ஒன்று தன்னைத் திட்டியபோது அவர் ரோஷப்பட்டு எதிர்வினை காட்டவில்லை என்பது இன்னொரு காரணம். திட்டியவனைச் சுடக் கிளம்பாததற்கு ஒரு டாக்டருக்குத் தண்டனை.

படத்தில் இந்தப் பைத்தியக்காரத்தனத்தை முகத்துக்கு நேரே கேட்பவன் தேயோ. தற்காப்புக்காக இல்லாமல் சுடும் எந்தக் குண்டும் குற்றம்தான் என்று மேலதிகாரியிடம் வாதாடி, பதவியே வேண்டாம் என்று வந்துவிடுகிறான். 1933 தொடக்கத்தில், ஹிட்லர் பதவியேறிய சில வாரங்களில், சீருடை போட்ட ஒருவன் ஜெர்மன் திரையில் இப்படிப் பேசினான் என்பதை இப்போது நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அன்று எனக்குச் சிலிர்க்கவில்லை. தேயோ பேசப் பேச, நானாக இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பேன் என்று ஒரு திருப்தி மட்டும் வந்தது.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதற்குச் சாட்சியம் இருக்கிறது. ஒரு நூல் வெளியீட்டு விழாவில், வந்திருந்த எழுத்தாளர்களின் பெயர்களை வாசித்தவர் என் பெயரை விட்டுவிட்டார். நான் எழுந்து போகவில்லை. எழுந்து போவதை எல்லோரும் கவனிக்கும் நேரம் பார்த்துக் காத்திருந்தேன். அந்த நேரம் வரவில்லை. கடைசியில் எல்லோரும் கலைந்தபோது நானும் கலைந்தேன். சாப்பாடு போட்டார்கள், கோபத்தில் சாப்பிடவில்லை, அது யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கண்டனக் கடிதம் எழுதத் தொடங்கி, சொற்களை மாற்றி மாற்றி நாள் கணக்கில் செதுக்கினேன். அனுப்பும் முன்பே அவர்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ‘மூத்த எழுத்தாளரான தாங்கள் நூலுக்கு ஒரு மதிப்புரை தர வேண்டும்.’ ‘மூத்த’ என்பதைப் படித்த கணத்தில் பகை தீர்ந்தது. வியன்னாவில் பிறந்திருந்தால் முதல் குண்டுக்கே அவசியம் இருந்திருக்காது; பிரபு என்னை ‘மூத்த லெஃப்டினென்ட்’ என்று கூப்பிட்டிருந்தால் போதும்.

படம் பார்த்த பிறகு எனக்கு இன்னொரு வியாதி வந்தது. நடிகர்களின் பிற்கால வரலாற்றைத் தேடிப் படித்துவிட்டு, முகத்தைப் பார்த்தபோதே தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் வியாதி. ஃபிரிட்ஸாக நடித்த வோல்ஃப்காங் லீபெனைனர் பிறகு இயக்குநராகி, 1941-இல் கருணைக்கொலைக்கு ஆதரவு திரட்டும் நாஜிப் படம் ஒன்றை எடுத்தார். “அந்தப் பார்வையிலேயே ஒரு கோழைத்தனம் இருந்தது” என்று நண்பர்களிடம் சொன்னேன். பிரபுவாக வரும் குஸ்டாஃப் க்ரூண்ட்கென்ஸ், நாஜி ஆட்சியில், அதன் தலைவர்களில் ஒருவரான கோரிங்கின் ஆதரவோடு பெர்லினின் அரசு நாடக அரங்குக்குத் தலைவரானவர். கிளவுஸ் மன் எழுதிய ‘மெஃபிஸ்டோ’ நாவலின் நாயகனுக்கு மூலம் இவர்தான். “அந்த விறைப்பைப் பார்த்ததுமே புரிந்தது” என்றேன். இப்படி இரண்டு பேரை வெற்றிகரமாகக் கண்டுபிடித்த மிதப்பில், கிறிஸ்டீனின் அப்பாவாக வரும் பால் ஹோர்பிகரை “இது சும்மா அசட்டு மனுஷன்” என்று தள்ளிவிட்டேன். அந்த அசட்டு மனுஷனைத்தான் 1945-இல் நாஜிகள் எதிர்ப்பாளர் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். முகம் பார்த்துச் சொல்லும் கடையை அன்றோடு மூடினேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய இடம் வேறொன்று. பெயர்கள் எழுத்தாக ஓடும் பகுதியை நான் எப்போதுமே தள்ளிவிட்டுத்தான் படம் பார்ப்பேன். யார் எடுத்தால் என்ன, கதை எப்போது தொடங்கும் என்ற அவசரம். இந்தப் படத்திலும் அப்படித்தான். ஓஃபுல்ஸ் யூதர். சார்ப்ரூக்கென் நகரத்து ஜவுளி வணிகரின் மகன், இயற்பெயர் ஓப்பன்ஹைமர்; நாடகத்தில் சேர்ந்தபோது குடும்பப் பெயருக்குச் சங்கடம் வேண்டாம் என்று மாற்றிக்கொண்டார். 1933 பிப்ரவரி கடைசியில் பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. நிலைமை புரிந்து குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். மார்ச்சில் பெர்லினில் படம் வெளியானது, மக்கள் விரும்பிப் பார்த்தார்கள். ஆனால் படம் ஜெர்மனியில் தொடர்ந்து ஓடியபோது யூதர்களின் பெயர்களை எழுத்திலிருந்து வெட்டினார்கள். மே மாதம் எரித்த புத்தகங்களில் ஷ்னிட்ஸ்லருடையவையும் இருந்தன. நல்லவேளையாக அவர் 1931-இலேயே காலமாகிவிட்டார். பெயர்களை மறைக்க ஓர் அரசாங்கம் அவ்வளவு மெனக்கெட்டுச் செய்த காரியத்தை நான் ஒரே அழுத்தில் செய்துவிட்டிருந்தேன்.

அதன் பிறகு எழுத்தைப் படிக்கிறேன். சீக்கிரம் ஓடிவிடுகிறது என்பது வேறு.

போன மழைக்காலத்தில் அக்கா வந்து தங்கியிருந்தபோது மறுபடி இந்தப் படத்தைப் போட்டேன். அக்காவுக்கு சப்டைட்டில் படிக்கும் பொறுமை கிடையாது. கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அவ்வப்போது நிமிர்ந்து பார்த்தாள். நான் கதை சொல்லிக்கொண்டே வந்தேன். ஃபிரிட்ஸ் பிரபுவின் மனைவியோடு உறவை முறித்துக்கொண்டுவிட்டான், கிறிஸ்டீனைத்தான் நிஜமாகக் காதலிக்கிறான், ஆனால் பிரபுவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, பழைய கணக்கைத் தீர்க்க அழைக்கிறார் என்றெல்லாம் விளக்கினேன். ‘ஐஸ் வைட் ஷட்’ எடுத்த குப்ரிக்குக்கு ஓஃபுல்ஸ் மேல் பெரிய மரியாதை, அந்தப் படத்தின் மூலக்கதையும் ஷ்னிட்ஸ்லருடையதுதான் என்பதையும் சேர்த்தேன். கேட்காத தகவல் சொல்வதில் எனக்குக் கைராசி உண்டு.

“ஏன்டா, அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா?”

“எது?”

“இவனுக்கு வேற ஒருத்தி இருந்தது. இவன் சண்டைக்குப் போறது. யாராச்சும் அவகிட்ட சொன்னாங்களா?”

சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அவள் நாடக அரங்கில் வேலைக்குப் பாடிக் காட்டப் போகிறாள், எதிர்காலம் பற்றிக் கனவு காண்கிறாள். பிரபுவுக்குத் தெரிகிறது, அவர் மனைவிக்குத் தெரிகிறது, நண்பர்களுக்குத் தெரிகிறது, மேலதிகாரிக்குத் தெரிகிறது, படம் பார்க்கும் நமக்குத் தெரிகிறது. வியன்னாவிலேயே விஷயம் தெரியாத ஒரே ஆள் அவள். இத்தனை தடவை பார்த்து, மேடையேறிப் பேசி, பெயர்ப்பட்டியல் வரை ஆராய்ந்து முடித்த எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. நானும் பிரபுவின் கௌரவத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசியில் அவளிடம் சொல்கிறார்கள். காமிரா மக்டா ஷ்னைடரின் முகத்தை விட்டு நகர்வதில்லை. அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டாள். நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் இந்த இடம் இன்னும் காட்டமாக இருக்கும். அங்கே அடக்கம்கூட முடிந்துவிட்ட பிறகுதான் அவளுக்குத் தெரியவருகிறது. நெருங்கியவர்கள் மட்டும்தான் வந்தார்கள் என்று அவளிடமே சொல்கிறார்கள். சாகும் முன் உன்னைப் பற்றியும் பேசினான் என்று ஆறுதல் சொல்லப்படும்போது அவள் அழுவதில்லை, கொதிக்கிறாள். மற்ற பலதோடு சேர்த்துத் தன்னையும் ஒரு பேச்சாக நினைத்தான் என்றால், இன்னொருத்திக்காகச் செத்தான் என்றால், தான் அவனுக்கு யார் என்று கேட்கிறாள். அமைதியான பெண் என்று நான் ஓரம்கட்டியவளின் கேள்வி அது. அறிமுக உரைக்கு முன் மூன்றாம் அங்கத்தைப் படித்திருந்தால் யாருடைய கண்களையும் பற்றிப் பேசியிருக்க மாட்டேன்.

படத்தில் அவள் ஜன்னல் வழியே குதித்துவிடுகிறாள். அந்தப் பனிக்காட்டை மறுபடி காட்டி, பழைய சத்தியம் குரலாக மட்டும் கேட்டுப் படம் முடிகிறது.

அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

“அவன் வண்டியில பண்ணின சத்தியம் நெஜந்தானாடா?”

நல்ல கேள்வி. அவனுக்கு அப்போது நிஜம்தான் என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு, பிளானரின் ஒளிப்பதிவு பற்றியும், அதே பிளானர் 1948-இல் அமெரிக்காவில் ஓஃபுல்ஸுக்காக ‘முகம் தெரியாத பெண்ணின் கடிதம்’ படத்தைப் பிடித்தது பற்றியும், அதிலும் இதேபோல் ஒருத்தி ஒருவனை நம்பிக் கெடுவது பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். அதன் மூலக்கதையை எழுதிய ஸ்டீஃபன் ஸ்வைக் வரை வந்தபோது அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. “இரு, பருப்பை இறக்கிட்டு வரேன்” என்று போன அக்கா, உள்ளேயே உட்கார்ந்து மிச்சக் கீரையை ஆய்ந்து முடித்தாள்.